ஒரே ஓர் எழுத்து மாறினால் உடம்பு முழுக்க ஏன் வலிக்கிறது?

கேள்வி இது: "என் அக்கா மகனுக்கு எட்டு வயது. நீலகிரி மாவட்டக் கூடலூர் பக்கம் இருக்கிறார்கள். அரிவாள் செல் சோகை என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வரும் நோய் என்கிறார்கள். ஓர் எழுத்துக்கு இவ்வளவு வலியா? சோகைதானே, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் போதாதா? குளிர் வந்தால் ஏன் கால் வலியில் துடிக்கிறான்?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சற்று நீளமாகத்தான் போகும். இந்த நோயில் 'எப்படி' என்பது புரிந்துவிட்டால், 'என்ன செய்ய வேண்டும்' என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் கண்ணால் பார்க்கக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கலாம். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம், அதோடு ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல் ஒரு சொட்டு. மேலே மெல்லிய கவர் ஸ்லிப் போட்டு, காற்று புகாமல் ஓரங்களை நகப்பூச்சால் அடைத்துவிடுவோம். உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிவப்பணுக்கள் வழக்கம்போல், நடுவில் விரலால் அழுத்திய மாவு உருண்டை மாதிரி வட்டமாக இருக்கும். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஓரம் சுருங்கியிருக்கும், ஒரு பக்கம் நீண்டிருக்கும், நுனி கூராகியிருக்கும். கொஞ்ச நேரத்தில் வட்டமான அணுவைத் தேட வேண்டியதாகிவிடும். முதல்முறை பார்த்த அன்று நான் வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. மூச்சுக்காற்று குறைந்ததும் ஒரு மனிதனுடைய ரத்தம் உருமாறுவதை நேரில் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்த வடிவத்தை முதலில் எழுதி வைத்தவர் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், 1910-இல். நோயாளி கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற மாணவர். 1904-இல் அவருடைய ரத்தத்தில் அரிவாள் போல வளைந்த அணுக்களைக் கண்ணால் பார்த்தது ஹெரிக்கின் கீழ் பயிற்சியில் இருந்த எர்னஸ்ட் ஐயன்ஸ். 1927-இல் ஹான், கில்லெஸ்பி என்ற இருவர், ஆக்சிஜன் குறைந்தால் அணு வளைகிறது, திரும்பக் கொடுத்தால் நிமிர்கிறது என்று காட்டினார்கள். இந்த 'திரும்ப நிமிர்கிறது' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் 1949. வேதியியலாளர் லைனஸ் பாலிங், இந்த நோயைப் பற்றி 1945-இல் மருத்துவர் வில்லியம் காசில் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். ஆக்சிஜன் போனால்தான் அணு வளைகிறது என்றால், கோளாறு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. அவரும் ஹார்வி இட்டானோ, சிங்கர், வெல்ஸ் ஆகியோரும் நோயாளியின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டார்கள். சாதாரண ஹீமோகுளோபின் போன வேகத்தில் அது போகவில்லை. அதன் மின்னூட்டமே வேறாக இருந்தது. நோயாளியின் பெற்றோரைப் போன்றவர்கள், அதாவது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றில் மட்டும் கோளாறு இருந்து, நோய் இல்லாமல் அதைச் சுமப்பவர்கள், இரண்டு வகையையும் கலந்து வைத்திருந்தார்கள். ஒரு நோய் ஒரு மூலக்கூறின் கோளாறு என்று உலகம் நேரடியாகப் பார்த்தது அதுதான் முதல்முறை.

வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த வெர்னன் இங்கிராம். ஹீமோகுளோபினை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைக் காகிதத்தில் பரப்பிப் பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. ஹீமோகுளோபின் புரதச் சங்கிலிகளால் ஆனது. அதில் பீட்டா என்ற சங்கிலியில் அமினோ அமிலங்கள் என்ற 146 கண்ணிகள் இருக்கின்றன. அதில் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், இங்கே வேலின் இருந்தது. 1956, 57-இல் இதை வெளியிட்டார். டி.என்.ஏ. மொழியில் சொன்னால், 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில் 'ஏ' இருந்த ஓர் இடத்தில் 'டி' வந்திருக்கிறது. நீங்கள் கேட்ட அந்த ஓர் எழுத்து இதுதான்.

சரி, ஓர் எழுத்து மாறினால் என்ன குடி முழுகிவிடும்?

குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகிற, எதிர்மின்னூட்டம் உள்ள பொருள். ஹீமோகுளோபினின் மேற்பரப்பில் அது நிற்கும்போது பக்கத்து மூலக்கூறுகள் நெருங்கி ஒட்டாது. வேலின் எண்ணெய் மாதிரி, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கப் பார்க்கும். ஒதுங்க அதற்கு ஒரு மறைவிடம் வேண்டும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் அதன் உருவம் லேசாக மாறுகிறது. அந்த மாறிய உருவத்தில் பீட்டா சங்கிலியில் 85, 88-ஆவது இடங்களுக்கு நடுவே எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு சிறு குழி திறக்கிறது. இந்த மூலக்கூறின் வேலின் பக்கத்து மூலக்கூறின் குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்காருகிறது, அதன் வேலின் அடுத்ததில். இப்படியே கோத்துக்கொண்டு போய், 14 இழைகள் முறுக்கிய கயிறாகிவிடுகிறது. அந்தக் கயிறுகள்தான் அணுவை உள்ளிருந்து குத்தி நீட்டி அரிவாளாக்குகின்றன.

இப்போது நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நோயை விளக்கும்போது பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. என்னைக் கேட்டால் முழு நோயும் இதில்தான் இருக்கிறது.

பனங்கற்கண்டு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாகைக் காய்ச்சி, உள்ளே நூல் கட்டித் தொங்கவிட்டு, பல நாள் அசையாமல் வைப்பார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. முதல் படிகம் நூலைப் பற்றிக்கொள்ளத்தான் தாமதம். பற்றிவிட்டால் அதன்மேல் அது, இதன்மேல் இது என்று ஏறிக்கொண்டே போகும். ஹீமோகுளோபின் கயிறும் அப்படித்தான். முதலில் ஒரு சில மூலக்கூறுகள் சேர்ந்து நிற்கவே சிரமப்படும். அந்தக் கரு உருவாகிவிட்டால் கயிறு சரசரவென்று வளரும், வளர்ந்த கயிற்றின் பக்கவாட்டிலிருந்து புதுக் கயிறுகளும் முளைக்கும். ஆக்சிஜன் போனதற்கும் கயிறு முளைப்பதற்கும் இடையில் ஒரு தாமதம் இருக்கிறது.

ஒரு சிவப்பணு தந்துகி என்ற மயிரிழை போன்ற ரத்தக்குழாய்க்குள் நுழைந்து வெளியேற ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அங்கே ஆக்சிஜனை இறக்கிவைத்துவிட்டு, ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் வழியாக நுரையீரலுக்கு ஓடி, மறுபடியும் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது. கயிறு முளைப்பதற்குள் நுரையீரலுக்குப் போய்விட்டால் தப்பித்தது. வழியில் வளைந்திருந்தாலும் அங்கே போய் நிமிர்ந்துவிடும். உங்கள் அக்கா மகனின் உடம்பில் ஒவ்வொரு நிமிடமும் கோடிக்கணக்கான அணுக்கள் இந்தப் பந்தயத்தை ஓடுகின்றன, பெரும்பாலானவை ஜெயித்தும்விடுகின்றன. அதனால்தான் பாதி நாள் அவன் மற்ற பிள்ளைகளைப் போல ஓடி விளையாடுகிறான். 'நேற்று நன்றாகத்தானே இருந்தான், இன்று பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறானா?' என்று யாராவது கேட்டால் தயவுசெய்து அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நேற்று ஜெயித்த பந்தயத்தில் இன்று தோற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தாமதம் எதைப் பொறுத்தது? முக்கியமாக, அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை. 1970-களில் ஹாஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் என்ற ஆய்வாளர்கள் அளந்தபோது, தாமதம் அடர்த்தியின் ஏறத்தாழ 30-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதைக் கண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடர்த்தி நூற்றுக்கு இரண்டு கூடினாலே தாமதம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். நூற்றுக்குப் பத்து கூடினால் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இயற்கையில் இவ்வளவு செங்குத்தான உறவு அபூர்வம்.

அணு கொஞ்சம் தண்ணீரை இழந்தாலே உள்ளே அடர்த்தி ஏறிவிடும். காய்ச்சல், வாந்தி, பேதி, வெயிலில் விளையாட்டு எல்லாம் ஆபத்தாவது இப்படித்தான். குளிர் வேறு பக்கத்திலிருந்து அடிக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி ஓட்டம் மந்தமாகிறது. அணு ஒரு விநாடியில் கடக்க வேண்டிய இடத்தில் நின்று நின்று போகிறது, கயிறு முந்திக்கொள்கிறது. டிசம்பர் மாதக் கூடலூர்க் குளிரில் அவன் கால் வலி கூடுவது இதனால்தான். ஸ்வெட்டர், சாக்ஸ், குளிக்க வெந்நீர் ஆகியவை அவனுக்கு மருந்தில் சேர்த்திதான்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அமிலத்தன்மை கூட, உப்பும் அதிகம். அரிவாள் அணுவுக்குப் பிடிக்காத மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எனவே சின்ன வயதிலேயே அந்தப் பகுதி கெட்டு, சிறுநீரை அடர்த்தியாக்கும் திறமை போய்விடுகிறது. உடம்பில் தண்ணீர் பற்றாமல் இருக்கும்போதுகூட அவனுக்குச் சிறுநீர் வெளுப்பாகவே போகும். எட்டு வயதிலும் படுக்கையை நனைத்தால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம், அடிக்கவோ கேலி செய்யவோ வேண்டாம். 'சிறுநீர் தெளிவாகத்தானே போகிறது, தண்ணீர் போதும்' என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும். வகுப்பு நடுவே தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அவனை விடச்சொல்லி ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.

வளைந்த அணு ஒரு குழாயை அடைத்துவிடுகிறது என்று நான் சொன்னால் அது பாதிக் கதைதான். இந்த அணுக்கள் பசை மாதிரியும் ஆகிவிடுகின்றன. அடிக்கடி வளைந்து நிமிர்வதில் அணுவின் சவ்வு சேதமாகி, ரத்தக்குழாயின் உட்சுவரோடும் வெள்ளையணுக்களோடும் ஒட்டிக்கொள்கிறது. தந்துகியைத் தாண்டியதும் வரும் சிறு சிரைகளில் இப்படி ஒட்டி ஓட்டத்தைத் தடுக்க, பின்னால் வரும் அணுக்கள் தேங்கி, தேங்கியதால் வளைந்து, மேலும் அடைக்கின்றன. அடைத்த இடத்துக்கு அப்பால் எலும்பும் தசையும் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். எலும்புக்குள் அழுத்தம் ஏறுகிற அந்த வலியை அனுபவித்தவர்கள், பிரசவ வலியைவிட மோசம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான வலிமருந்து கொடுக்கத் தயங்கக் கூடாது. வலியால் கத்தும் பிள்ளையை ஒரு இடத்தில் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து மணிக்கணக்கில் உட்காரவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

இப்போது இரும்பு மாத்திரை. சாதாரண சிவப்பணு 120 நாள் இருக்கும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜை எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஈடு கொடுக்க முடியவில்லை, அதுதான் சோகை. இரும்பு பற்றாமல் வந்த சோகை இல்லை இது. உடைந்த அணுவின் இரும்பு வெளியே போவதில்லை, உடம்பிலேயே தங்குகிறது. ரத்தம் ஏற்றினால் அதோடு வரும் இரும்பும் சேர்கிறது. அதிகப்படி இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிந்து கெடுக்கும். உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பார்த்து, உண்மையிலேயே குறைவு என்றால் மட்டும் மருத்துவர் கொடுப்பார். அவனுக்கு வழக்கமாகத் தேவைப்படுவது ஃபோலிக் அமிலம், புது அணுக்களை ஓயாமல் செய்துகொண்டே இருப்பதால். எங்களிடம் வந்த ஒரு பெண் மூன்று வருடம் இரும்பு மாத்திரை தின்றிருந்தார். ஒரு முறைகூட யாரும் அவருடைய ரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்க்கவில்லை.

கண் மஞ்சளாவதும் உடைந்த அணுக்களால்தான். அது காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்துப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம்.

அணு உடைவதில் இன்னொரு சேதமும் இருக்கிறது. அணுவுக்குள் அடங்கியிருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ரத்தத் திரவத்தில் கலந்து, ரத்தக்குழாய்களை விரித்து வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடுகிறது. குழாய்கள் இறுகி, சுவர் தடித்துப்போகின்றன. நுரையீரல் ரத்த அழுத்தம், ஆறாத கால்புண், மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் குறுகுவது ஆகியவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாதம் சிறுவர்களுக்கே வரலாம். தலையில் டாப்ளர் ஸ்கேன் வைத்து, மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். 2 முதல் 16 வயது வரை இதை அவ்வப்போது செய்யச் சொல்கிறார்கள். அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

மண்ணீரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரத்தத்தை வடிகட்டிக் கிருமிகளைப் பிடிக்கும் உறுப்பு அது. குறுகலான, மந்தமான ஓட்டப் பாதைகள் கொண்டது என்பதால் அரிவாள் அணுக்கள் அங்கேதான் முதலில் சிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அது செத்துப்போனால் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்குக் கதவு திறந்த மாதிரி. 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிறு குழந்தைகளுக்குத் தினமும் பெனிசிலின் மாத்திரை கொடுத்ததில் அந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. சில சமயம் திடீரென்று ரத்தம் பெருமளவு மண்ணீரலில் போய்த் தேங்கும். வயிற்றின் இடப்பக்கம் வீங்கி, பிள்ளை வெளிறிப்போகும், மணிக்கணக்கில் உயிர் போகக்கூடிய நிலை. ஜமைக்காவில் தாய்மார்களுக்கே வயிற்றைத் தொட்டு மண்ணீரலைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. உங்கள் அக்காவுக்கும் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் அதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி, ஆனால் மனதில் இருக்கும்: இது ஏன் எங்கள் பக்கத்தில்? 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலை மக்களிடையே இந்த மரபணுவைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அது. நீலகிரி, வயநாட்டுப் பழங்குடி மக்களிடம் இன்றும் இது அதிகம். 1954-இல் ஆண்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டியது என்னவென்றால், மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களை மலேரியா கொல்வது குறைவு. மலேரியா ஒட்டுண்ணி புகுந்த அணு சீக்கிரம் வளைகிறது, மண்ணீரல் அதை ஒட்டுண்ணியோடு சேர்த்து அப்புறப்படுத்துகிறது. ஒரு காலத்தில் வயநாடும் மலையடிவாரமும் மலேரியாவுக்குப் பேர்போன காடுகள். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்களின் ரத்தத்தில் இது தங்கியிருக்கிறது. இதில் சாபமோ குலக்குற்றமோ இல்லை. யாராவது அப்படிப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்கு ஏன் நோய் வருவதில்லை என்பதற்கும் பதில் அதே தாமதம்தான். அவர்களின் அணுவில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் கோளாறான ஹீமோகுளோபின், மீதி நல்லது. கயிறு முளைக்க வெகு நேரம் பிடிக்கும், அதற்குள் அணு நுரையீரலுக்குப் போய்விடும்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி கொண்ட ஹீமோகுளோபின் இருக்கும், பிறந்து சில மாதங்களில் அது வடிந்துபோகும். கோளாறு பீட்டாவில் என்பதால் காமா அந்தக் கயிற்றில் சேராது, சேரவிடவும் செய்யாது. 1948-லேயே ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் அணுக்கள் அவ்வளவாக வளைவதில்லை என்று கவனித்திருந்தார். இந்தியாவில் பரவலாக உள்ள மரபணு வகையில் இந்தக் கருக்கால ஹீமோகுளோபின் பெரியவர்களானாலும் சற்றுக் கூடுதலாகவே தங்குகிறது, அதனால் பலருக்கு நோய் ஆப்பிரிக்க வகையைவிட மட்டாக இருக்கலாம். ஆனால் 'இந்திய வகை லேசானது' என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை இங்கேயும் நிறையப் பார்க்கிறோம்.

ஹைட்ராக்சியூரியா மாத்திரை செய்வதும் இதுதான். காமாவை மறுபடி கொஞ்சம் தட்டியெழுப்புகிறது, அணுவையும் பெரிதாக்குகிறது. பெரிய அணுவில் அடர்த்தி குறையும், அடர்த்தி குறைந்தால் தாமதம் எப்படி நீளும் என்று மேலே பார்த்தோமே. 1995-இல் அமெரிக்காவில் 299 பெரியவர்களிடம் செய்த சோதனையில் வலித் தாக்குதல்கள் 44 சதவீதம் குறைந்தன. குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். விலை அதிகமில்லை. ரத்த எண்ணிக்கையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு தினமும் சாப்பிட வேண்டும், நன்றாக இருக்கிறான் என்று நடுவில் நிறுத்தக் கூடாது. அவனுக்கு இது கொடுக்கிறார்களா என்று முதல் வேலையாகக் கேளுங்கள்.

மரபணுத் திருத்தச் சிகிச்சை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். காமாவை அணைத்துவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் சுவிட்சை, நோயாளியின் சொந்த ரத்த மூலச் செல்களில் வெட்டிவிட்டுத் திரும்பச் செலுத்துகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. இதிலும் அந்த ஓர் எழுத்தை யாரும் திருத்தவில்லை, கயிறு முளைப்பதைத்தான் தடுக்கிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கடுமையான கீமோதெரபியையும் தாங்க வேண்டும். இன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது வழி இல்லை. பெனிசிலின், தடுப்பூசி, ஹைட்ராக்சியூரியா, தண்ணீர், சரியான நேரத்தில் மருத்துவமனை ஆகியவைதான் அவனை வளர்த்து ஆளாக்கும்.

கடைசியாக இரண்டு விஷயம். காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் தளர்வு, இடப்பக்க வயிற்று வீக்கம், திடீர் வெளிறல் இருந்தாலும் அப்படியே.

இன்னொன்று, அவனுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் எல்லோருக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். சோதனைக் குழாயில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கரைத்து, பின்னால் அச்செழுத்துக் காகிதத்தைப் பிடித்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. கலங்கிப்போய் எழுத்து தெரியாவிட்டால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். ஆனால் ஒன்றைச் சுமப்பவரா, நோயாளியா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எலெக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. சோதனை வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். உங்களுக்கும் சேர்த்து ஒரு சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா இதைச் சுமக்கிறார் என்றால் உங்களிடமும் இருக்க வாய்ப்பு உண்டு.